ஆட்சேபணை ஏதும் வரவில்லை

ஊர் பேர் வேண்டாம். சொன்னால் மேலாளருக்கும் வம்பு, எனக்கும் வம்பு. ஏதோ ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்த நகராட்சியின் மேலாளர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்பது. ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. "தலை நரைச்ச பிறகு ஒரு சின்னப் பொண்ணுகிட்டப் போய் ஞானம் கேக்கிறாராம்யா" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. மனைவி இறந்த வருஷம் ஒரு மதியம் கோணிச் சித்தர் மடத்தில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தவர், அன்றிலிருந்து அங்கே போய்வந்துகொண்டிருந்தார்.

மடத்தைப் பார்த்துக்கொள்கிற அந்தக் குருவை எல்லாரும் அம்மை என்றுதான் கூப்பிட்டார்கள். பிரசங்கம் கிடையாது, தாயத்து கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி. கேட்டால் பதில். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை தெய்வசிகாமணி கோப்பும் கையுமாக வந்தார். கஞ்சி முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. அம்மை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் அம்மை."

"சொல்லுங்க ஐயா."

"மௌனம் சம்மதம்தானே?"

"யாரோட மௌனம்?"

"ஊரோட மௌனம்."

அம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். ஆற்றோரத்தில் இருக்கும் பழைய இடுகாட்டை மூடிவிட்டு, மண்ணைத் தோண்டிச் சமப்படுத்தி, நடைப்பயிற்சிப் பூங்கா ஒன்று அமைக்க நகர்மன்றம் நினைத்தது. அதற்கு முன்னால் முப்பது நாள் ஊராரிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆட்சேபணை வந்தாலும் ஆட்களைக் கூப்பிட்டு வைத்து விசாரித்தே ஆக வேண்டும். ஒன்றும் வராவிட்டால், வரவில்லை என்று மேலாளர் ஒரு சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் காலை மன்றக் கூட்டம். சான்று மேஜைக்குப் போய்விட்டால் திங்கட்கிழமை மண் அள்ளும் இயந்திரம் இடுகாட்டுக்குள் இறங்கிவிடும்.

"எங்கே வெச்சுக் கேட்டீங்க?"

"நம்ம இணையதளத்துல அம்மை."

அந்தச் சொல்லைச் சொல்லும்போதே தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது. மலராமல் என்ன செய்யும்? அது அவர் பெற்ற பிள்ளை மாதிரி. முன்பு அதில் தலைவரின் படமும் போன வருஷத்துப் பொங்கல் வாழ்த்தும்தான் இருந்தன. இவர் பொறுப்பேற்ற பிறகு வரி கட்டலாம், பிறப்புச் சான்று எடுக்கலாம், தெருவிளக்கு எரியவில்லை என்று படம் பிடித்துப் போடலாம். 'உங்கள் குரல்' என்று தனியாக ஒரு பக்கம். புதுத் தளம் வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் மாவட்டத்திலேயே முதல் பரிசு வாங்கிவிட்டது.

"ஜனங்க ஆபீஸ் வாசல்ல கால் கடுக்க நிக்கக் கூடாது பாருங்க. அதனால 'மனுக்கள் இணையத்தில் மட்டும்'னு வாசல்ல போர்டே மாட்டிட்டேன்."

"இந்த விஷயத்துக்கு எத்தனை பேர் பேசினாங்க?"

"ஒருத்தர்கூட இல்லை. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சே முக்காலோட கெடு முடியுது. சான்று டைப் அடிச்சாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

"போட வேண்டியதுதானே?"

"போடலாம். ஆனா பேனாவை எடுத்தா கை போக மாட்டேங்குது. ஏன்னு தெரியலை. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

அம்மை கிணற்றடிப் பக்கம் திரும்பினார்.

"செங்கமலம், கையைத் துடைச்சிட்டு இங்க வாம்மா."

செங்கமலம் தினமும் மடத்துக்கு வந்து கஞ்சி அண்டா கழுவிக் கொடுக்கிறவள். குடியிருப்பு ஆற்றோரத் தெருவில். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன், நாலு வயதுப் பிள்ளை, மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அந்த இடுகாட்டில்தான் புதைத்தார்கள்.

"இவளுக்கு ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடுங்க" என்றார் அம்மை.

தெய்வசிகாமணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அதுக்கென்ன, ரெண்டு நிமிஷ வேலை. உக்காரும்மா. நீ பாட்டுக்குச் சொல்லு."

செங்கமலம் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் சொன்னாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"என் புள்ளை அங்கதான் சார் படுத்திருக்கான். பூவரச மரத்துக்குக் கீழ. தோண்டாதீங்கன்னு எழுதுங்க."

தெய்வசிகாமணியின் விரல் விறுவிறுவென்று ஓடியது. முப்பது வருஷம் அலுவலகத்தில் பழகிய விரல் அல்லவா.

"என்ன எழுதினீங்க, படிங்க" என்றார் அம்மை.

"மேற்படி இடுகாட்டில் மனுதாரரின் மைந்தன் நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளமையால், உத்தேசத் திட்டத்தினை மறுபரிசீலனை செய்யுமாறு தாழ்மையுடன்..."

செங்கமலம் அம்மையைப் பார்த்தாள்.

"இது யாரைப் பத்தி அம்மை?"

தெய்வசிகாமணி எல்லாவற்றையும் அழித்தார். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். புள்ளை, பூவரச மரம், தோண்டாதீங்க. எழுதி முடித்து அனுப்பும் பொத்தானைத் தொட்டார்.

போகவில்லை. திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது.

"அட, ஒண்ணு விட்டுப்போச்சு. வரி விதிப்பு எண் சொல்லும்மா."

"அப்படின்னா?"

"வீட்டு வரி கட்டின ரசீதுல இருக்குமே, அந்த நம்பர்."

"எங்க தெருவுக்கு வரியே கிடையாது சார். பொறம்போக்கு."

தெய்வசிகாமணி அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பார்த்தார். மறுபடி சிவப்பு எழுத்து. கட்டத்தின் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நட்சத்திரம் இருந்தால் அதை நிரப்பாமல் எதுவும் உள்ளே போகாது.

"இதேதான் சார் அன்னைக்கும் வந்துச்சு" என்றாள் செங்கமலம்.

"என்னைக்கு?"

"தோண்டப் போறாங்கன்னு சேதி வந்த மூணாம் நாளு. எதுத்த வீட்டுப் பொண்ணு காலேஜ் படிக்குது. அது போன்ல எல்லாரும் போட்டோம். தெருவே உக்காந்து போட்டோம் சார். எல்லாருக்கும் இந்தச் செவப்பு எழுத்துதான்."

"ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"வந்தோமே! வேலைக்கு லீவு சொல்லிட்டு பன்னெண்டு பேரு வந்தோம். வாசல்ல இருந்தவரு போர்டைக் காட்டி, எல்லாம் ஆன்லைன்தான், அங்க போய்ப் போடுங்கன்னு அனுப்பிட்டாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இதெல்லாம் இப்படித்தான் என்கிற மாதிரி சொன்னாள். அதைத் தாங்குவதுதான் தெய்வசிகாமணிக்குக் கஷ்டமாக இருந்தது. காது மடல் சுட்டது.

"அந்த நட்சத்திரத்தை வெச்சது யாரு?" என்று அம்மை கேட்டார்.

"நான்தான்."

"ஏன்?"

"புதுத் தளம் திறந்த முதல் வாரம் எவனோ பொய்ப் பேர்ல வந்து, தலைவரைக் கொசு வளர்ப்புத் துறை மந்திரின்னு எழுதிட்டான் அம்மை. இன்னும் வாயால சொல்ல முடியாததெல்லாம் எழுதினாங்க. ஆணையர் என்னைக் கூப்பிட்டுக் கிழி கிழின்னு கிழிச்சார். வரி எண் கேட்டா கண்டவனும் வர மாட்டான்னு வெச்சேன். கெட்ட எண்ணமே இல்லை."

"அப்புறம் கண்டவன் யாரும் வரலையா?"

"வந்தான். திட்டினவன் பூராவும் மாடி வீட்டுக்காரன். நம்பரோட வந்து திட்டினான்."

அம்மை சிரிக்கவில்லை. தெய்வசிகாமணிக்கு அழுகை முட்டியது. இந்த வயதில், பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு முன்னால் அழுவதா என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"இருங்க அம்மை. என் வீட்டு எண்ணைப் போட்டு அனுப்பிடறேன். ஒரு ஆட்சேபணை போதும், விசாரணை வெச்சே ஆகணும்."

"அப்ப அது யாரு வீட்டு ஆட்சேபணை?"

"கணக்குக்கு... என் வீட்டுது."

"உங்களுக்கு அங்க யாரு படுத்திருக்கா?"

தெய்வசிகாமணி விரலை எடுத்துவிட்டார்.

வெளியே போய்ப் பேசினால் மடத்துக்குள் கேட்காது. ஆனால் அவர் அங்கேயே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டார். பிரசன்னா என்கிற ஆள் எடுத்தான்.

"தம்பி, உங்கள் குரல் பக்கத்துல வரி எண்ணுக்கு ஒரு நட்சத்திரம் இருக்கு பாரு. அதை எடுத்துடு."

"சார், ஆணையரைக் கேக்காம..."

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

"நாளைக்கு மீட்டிங் சார். இன்னிக்குப் போய் எடுத்தா உங்களுக்குத்தான் பிரச்சினை வரும்."

"வரட்டும். எழுத்துலயே தர்றேன். இப்பவே எடு."

கொஞ்ச நேரம் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தெய்வசிகாமணி பக்கத்தைப் புதிதாகத் திறந்தார். நட்சத்திரம் இல்லை. மறுபடி முதலிலிருந்து பெயர், தெரு, புள்ளை, பூவரச மரம் என்று எழுதி அனுப்பினார். இந்தத் தடவை பச்சை எழுத்து வந்தது.

"உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. பதிவு எண் ஒன்று" என்று அவர் படித்தார்.

"என்ன சார் ஒண்ணு?"

"முதல் ஆட்சேபணை உன்னுதும்மா. அதான் ஒண்ணு."

"என் புள்ளைக்கு நம்பர் விழுந்துடுச்சா சார்?"

"விழுந்துடுச்சும்மா."

செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அழுகை வெளியே வந்துவிட்டது.

"அவனுக்குப் பொறப்புச் சீட்டும் எடுக்கலை, சாவுச் சீட்டும் எடுக்கலை சார். எங்கேயும் அவன் பேரு கிடையாது. இருந்தான்னு நான் மட்டுந்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

அம்மை எழுந்துபோய் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். தெய்வசிகாமணி சுவர்ப் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அழுது முடித்ததும் செங்கமலம் முகத்தைக் கழுவினாள். "தெருவைக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

கூட்டிவந்தாள். முதலில் ஏழெட்டுப் பேர். பிறகு வேலைக்குப் போனவர்களுக்கெல்லாம் சேதி போய், ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தெய்வசிகாமணி கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு எழுதினார். ஒருவருக்கு அங்கே அப்பா, ஒருத்திக்கு அக்கா. ஒரு பெரியவர் முன்னால் வந்து உட்கார்ந்து, "என் சம்சாரம்" என்று மட்டும் சொன்னார். அதை அப்படியே எழுதினார். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

நடுவில் போன் சூடாகி நின்றுவிட்டது. அந்தக் கல்லூரிப் பெண் தன் போனைக் கொடுத்தாள். மணி ஐந்தே முக்கால் ஆனபோது கடைசிப் பதிவு எண் நாற்பத்து மூன்று. பக்கம் தானாக மூடிக்கொண்டது.

எல்லாரும் போன பிறகு தெய்வசிகாமணி கோப்பைத் திறந்தார். 'பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை ஏதும் வரவில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று டைப் அடித்திருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். முதுகு வலித்தது. கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் மனசு லேசாகிவிட்டது. பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"தப்பிச்சேன் அம்மை. இதுல மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தேன்னா ஏழேழு ஜென்மத்துக்கும் இந்தப் பாவம் என்னை விட்டிருக்காது. நல்ல வேளை, உங்ககிட்ட வந்தேன்."

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி இதே மாதிரி எத்தனை சான்று எழுதியிருக்கீங்க ஐயா?"

தெய்வசிகாமணி விரலை மடக்கினார். மீன் சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோனது ஒன்று. பஸ் நிலையத்துத் தள்ளுவண்டிகளை எடுத்தது ஒன்று. குளத்தங்கரைக் குடிசைகள் ஒன்று. நாலாவது விரல் பாதியில் நின்றது.

அதற்கு மேல் அவர் மடக்கவில்லை. அம்மையும் திரும்பக் கேட்கவில்லை.