சொர்ணப்பாண்டி பேச்சும் ஒரு மிடி வயரும்

பூவாணிக்குளத்தில் ஜோதி சவுண்ட் அண்ட் லைட் என்று ஒரு கடை உண்டு. மூன்று பேர் நடத்துகிறார்கள். மூன்று பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் தேறும் என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் தாராளமான கணக்கு.

சுயம்பு முதலாளி. பலவேசம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்காருவான். ஞானதிரவியத்தின் பொறுப்பு லேப்டாப். அதைத் திறக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மூடத் தெரிந்தவன் யாரும் கிடையாது.

சொன்னதை அப்படியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான். ஒரு தடவை, "மைக்கை வாத்தியார் வாய்க்கு நேரா பிடிப்பா" என்று யாரோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று திருப்பிச் சொல்ல ஆளில்லை. வாத்தியார் பேசி முடித்து, பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரைத் தாண்டியபோதும் பலவேசம் பக்கத்தில் குனிந்தபடி மைக்கை நீட்டிக்கொண்டு நின்றான். வாத்தியார் ரசம் உறிஞ்சியது பக்கத்து ஊர் வரை கேட்டது.

அந்த வருசம் வியாபாரிகள் சங்க ஆண்டு விழா. சங்கத் தலைவர் சொர்ணப்பாண்டி பாத்திரக்கடைக்காரர். அவர் மகள் வடிவைத்தான் சுயம்புவுக்குக் கேட்டிருந்தார்கள். சுயம்புவுக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் பெண் கேட்டுப் போன வீடுகளில் காபியே வரவில்லை.

"பொண்ணு குடுக்கலாம்" என்றார் சொர்ணப்பாண்டி. "ஆனா சங்க விழாவுல என் பேச்சுக்கு ஒரு கொறை வரப்படாது. வந்துச்சு, அதோட முடிஞ்சு போச்சு."

அவர் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், குறை வர அதில் புதிதாக இடம் கிடையாது என்று. வெறும் பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியதில் ஆரம்பிப்பார். ஒவ்வொரு பாத்திரமாக விற்றுக்கொண்டு வருவார்.

இந்த நேரம் பார்த்து லைட்மேன் தாவீது வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே போனில் பாடம் நடத்தினான்.

"ஏ சுயம்பு, லைட்டுக்குன்னு தனியா ஆள் வேண்டாம்டே. மிக்சர்ல இருந்து லேப்டாப்புக்கு மிடி வயர் ஒண்ணு சொருகு. அதுல பாட்டும் வராது, பேச்சும் வராது. கட்டளை மட்டுந்தான் போகும்."

சொருகுவதற்கு முன் ஞானதிரவியம் வயரைக் காதில் வைத்துப் பார்த்தான்.

"ஒரு சத்தமும் இல்ல, அண்ணாச்சி. நல்ல வயர்."

"லேப்டாப்புல லைட் சாஃப்ட்வேரைத் திறந்து, 'கற்றுக்கொள்'னு இருக்கிறதை அமுக்கு" என்றான் தாவீது. "மிக்சர்ல கடைசி ஃபேடர், அந்தத் தள்ளுற கட்டை, சும்மாதான் கெடக்கு. அதை மேல தள்ளு, கீழ இழு. நீ எதை அசைக்கியோ அதைத்தான் அது புடிச்சுக்கிடும். கத்துக்கிட்டதும் அந்தப் பொத்தானைத் திரும்ப அமுக்கி நிறுத்திரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அமுக்கினார்கள். பலவேசம் ஃபேடரைத் தள்ளினான். மேடையில் வெளிச்சம் கூடியது. இழுத்தான், குறைந்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள். சுயம்பு பொத்தானை நிறுத்தப் போனான்.

"இருங்க" என்றான் ஞானதிரவியம். "கத்துக்கிட்டதும்னுதானே சொன்னாரு? இது கத்துக்கிட்டதுன்னு யாரு சொன்னா?"

"லைட்டு எரிஞ்சுதேடே."

"ஒரு தடவை எரிஞ்சா ஆச்சா? நான் ஒம்பதாங்கிளாஸ்ல ஒரு கணக்கைச் சரியாப் போட்டேன். வாத்தியாரு நம்பலியே. மூணு வருசம் அங்கேயேதான் வச்சிருந்தாரு."

பலவேசம் தலையாட்டினான். "பாதிப் படிப்புல நிறுத்துறது பாவம், மாப்ள. அதுவா கத்துக்கிட்டேன்னு சொல்லட்டும்."

லேப்டாப் சொல்லவில்லை. கற்றுக்கொண்டேன் என்று தானாக ஒத்துக்கொண்ட எவனையும் நானும் பார்த்ததில்லை. பொத்தான் அப்படியே கிடந்தது.

சாயங்காலம் விழா தொடங்கியது. கடவுள் வாழ்த்துக்கு ஒரு பெண் வந்தாள். பலவேசம் அவள் மைக்கின் ஃபேடரை ஏற்றினான். படித்துக்கொண்டே இருந்த லேப்டாப் அதையும் படித்து, லைட்டை அதோடு கட்டிக்கொண்டது. பாட்டு முடிந்து ஃபேடரை இறக்கினான். மேடை இருண்டது. அந்தப் பெண் படி தெரியாமல் துணைத்தலைவர் மடியில் போய் உட்கார்ந்தாள்.

"பாட்டு போனா லைட்டும் போகுதே" என்றான் சுயம்பு.

"பாடுறதுக்குத்தானே லைட்டு" என்றான் பலவேசம். "பாட்டு முடிஞ்ச பெறகு எதுக்கு எரியணும்? நம்மளவிட அதுக்குப் பொறுப்பு ஜாஸ்தி."

அடுத்து தலைவர். பலவேசம் அவர் மைக்கை ஏற்றினான். வெளிச்சம் இப்போது சொர்ணப்பாண்டியின் குரலோடு ஒட்டிக்கொண்டது. அவர் முகம் புது எவர்சில்வர் குடம் மாதிரி ஜொலித்தது. அதே வேகத்தில் மைக் ஊளையிட்டது. முன்வரிசை காதைப் பொத்தியது.

பலவேசம் இறக்கினான். ஊளை நின்றது, தலைவரைக் காணோம்.

"ஏல! லைட்டு!" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஏற்றினான். தலைவர் வந்தார், ஊளையும் வந்தது. நடுவில் நிறுத்திப் பார்த்தான். அரைத் தலைவரும் அரை ஊளையும் வந்தன.

"எது பெரிய கொறை?" என்று கேட்டான் சுயம்பு. வடிவு முன்வரிசையில்தான் இருந்தாள். "மூஞ்சி தெரியாததா, ஊளையா?"

"மூஞ்சியைத்தான் தெனம் கடையில பாக்காங்களே" என்றான் ஞானதிரவியம்.

"அப்ப பேச்சை மட்டும் என்ன, கடையில கேக்கலியா?" என்றான் பலவேசம்.

இது நியாயமாகவே பட்டது. முடிவு எட்டவில்லை. பலவேசம் யோசனையில் ஃபேடரை அடிவரைக்கும் இறக்கிவிட்டான். சுயம்பு தாவீதுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னான்.

"அடப்பாவிகளா, இன்னுமா அந்தப் பொத்தானை நிறுத்தல? எதையும் தொடாதீங்க! ஒண்ணையும் தொடாதீங்க! நர்சு ஊசி போட வாறா, ரெண்டு நிமிசத்துல கூப்பிட்டுச் சொல்லுதேன்!"

மூன்று பேரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள்.

ரெண்டு நிமிசத்தில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலாமா?" என்றான் சுயம்பு.

"தொடாம எப்படி எடுப்ப?" என்றான் பலவேசம்.

மேடையில் சொர்ணப்பாண்டி இருட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் அவர் காதுக்குக் கணீரென்று கேட்டது; வேறு யாருக்கும் கேட்கவில்லை. பூவாணிக்குளம் அப்படி ஒரு பேச்சை அனுபவித்ததே கிடையாது. பெண்கள் மல்லிகையைப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். இரண்டு குடும்பத்துக்குள் இருந்த பழைய வாய்க்கால் தகராறு பேசித் தீர்ந்தது. ஒருவழியாக நிழல் ஒன்று மேடையை விட்டு இறங்குவதைப் பார்த்து, முடிந்ததாக்கும் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அத்தனை வருசத்து நன்றியும் அதில் இருந்தது.

சொர்ணப்பாண்டி நேராக மிக்சருக்கு வந்தார். சுயம்பு தூக்கிய கையை இறக்கவில்லை.

"மாப்ள" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "லைட்டை அணைச்சீரு பாரும், அதான் யோசனை. ஒரு பயலும் வேடிக்கை பாக்கல. கவனமாக் கேட்டான். காலையில வீட்டுக்கு வாரும். வடிவுகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிரும்."

மூன்று பேரும் கடைக்குத் திரும்பி ஆலோசனையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை. எது?

"'கல்யாணம்'?" என்றான் ஞானதிரவியம்.

"கல்யாணத்துக்குப் பறக்கிற மாதிரி இருக்கும்டே" என்றான் பலவேசம்.

"'ஹலோ'?"

"அவளும் ஹலோம்பா. பதிலுக்கு நீ இன்னொண்ணு சொல்லணும். ரெண்டாயிரும்."

கடைசியில் தொழிலுக்கு ஏற்றதாக, தினமும் மைக்கைச் சோதிக்கச் சொல்வதாகவே ஒன்று தேறியது. காலையில் சுயம்பு வேட்டி கட்டிக்கொண்டு போனான். வடிவு காபியோடு வந்து எதிரே நின்றாள். சுயம்பு தொண்டையைச் செருமினான்.

"செக்" என்றான். எழுந்து வெளியே வந்துவிட்டான்.

தெருவில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். "சொல்லிட்டியா?" என்றான் பலவேசம். சுயம்பு தலையை மட்டும் ஆட்டினான்.

வடிவு வாசலுக்கே ஓடி வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "ஏங்க, எனக்குச் சம்மதந்தான். உங்களுக்கு?"

சுயம்புவின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. இருந்த ஒரு வார்த்தையையும் உள்ளேயே செலவழித்துவிட்டு வந்திருந்தான். கண்ணில் நீர் முட்ட, நீ சொல்லேன் என்று பலவேசத்தைப் பார்த்தான்.

பலவேசம் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினான்.

"நான் எப்படி மாப்ள பேச? எனக்கு அந்த ஒண்ணுகூடக் குடுக்கலியே."