ஏழும் முப்பத்தொன்றும்

பதினெட்டு வருடம் சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி நடத்திவிட்டு, நாற்பத்தாறு வயதில் பல் சீரமைப்பு மேற்படிப்புக்கு வந்தவர் டாக்டர் பொன்னரசு. அவருக்கு வாய்த்த பேராசிரியை மெஹருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர்.

அன்று பொன்னரசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பிளாஸ்டரில் வார்த்த நாற்பது பல் அச்சுகளை மூன்றே நாளில் வெர்னியர் அளவுகோலால் இரண்டிரண்டு முறை அளந்திருந்தார்.

"ரெண்டு தடவைக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை மேடம்."

மெஹருன்னிசா தாளைப் புரட்டினார். நாற்பதிலும் அப்படியேதான் இருந்தது.

"ரெண்டாவது தடவை அளக்கும்போது முதல் தாள் எங்க இருந்துச்சு?"

"பக்கத்துலதான். ஏன் மேடம்?"

அவர் இரண்டு அச்சுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று வெள்ளை, மற்றது மஞ்சள்.

"ஏழாம் நம்பர் என்ன சொல்லுது?"

"மேல்வரிசையோட பொருந்தணும்னா கீழ முன்பல்லெல்லாம் சேர்ந்து அகலத்துல நாலு மில்லிமீட்டர் அதிகம். ஒரு பல்லை எடுத்தாகணும்."

"முப்பத்தொண்ணு?"

"ரெண்டரைதான். ஓரத்தை லேசா தேய்ச்சா போதும்."

"ரெண்டும் ஒரே வாய், டாக்டர். நம்மகிட்ட வர்ற நோயாளி சுடர்மதியோடது. நான்தான் ரெண்டு நிறத்துல வார்த்து உங்க பெட்டியில வச்சேன். வியாழக்கிழமை அந்தப் பொண்ணு வரும். பல்லை எடுக்கணும்னு சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?"

பொன்னரசுக்கு வெட்கத்தில் காது சுட்டது. இரண்டு அச்சுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் அவற்றை ஒரு நாளைக்கு ஒரே தடவைதான், நிதானமாக அளந்தார். அளந்த தாளை அன்றன்றே மேடத்தின் டிராயரில் போட்டுவிடுவார். நேற்று என்ன எழுதினோம் என்று எட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பார்க்கவில்லை.

வியாழக்கிழமை எல்லாத் தாள்களையும் எடுத்து விரித்தார்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. பொன்னரசு கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"மூணு மில்லிமீட்டர் மேடம். நிதானமா அளந்தா என் கை ஒரு மில்லிமீட்டர்ல பத்துல மூணு பங்குதான் தவறும். எந்தப் பக்கம் தவறினாலும் நாலு வராது. பல் இருக்கட்டும்."

முதல் நாளைவிட நிமிர்ந்துதான் நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மேடம், உங்க கை?"

"பத்துல நாலு" என்றார் மெஹருன்னிசா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "சுடர்மதி வெளியில உட்கார்ந்திருக்கா. நீங்களே போய்ச் சொல்லுங்க, டாக்டர்."