கை நனையாத பலகாரம்

நொய்யல் கரையில் ஒரு சின்ன மடம். அதில் இருந்தவரை எல்லோரும் சின்னச்சாமி என்பார்கள். அவருக்கு முன்னால் இருந்தவர் பெரியசாமி. அவர் காலமான பிறகும் இவர் சின்னச்சாமியாகவே நின்றுவிட்டார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது.

அவருடைய சீடர்களில் தெய்வசிகாமணி என்று ஒருவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயதுக்கு மேல் கூட. ஞானத்துக்கு வயசு ஏது என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டுத் தன் வயதையும் மறக்காமல் சொல்வார்.

தெய்வசிகாமணி திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி, போதும் என்று விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். உடம்பு ஓய்ந்ததே தவிர நாக்கு ஓயவில்லை. மாதம் தவறாமல் ஏதாவது ஒரு நாட்டிலிருந்து அவருக்குப் பலகாரப் பெட்டி வரும். துருக்கியிலிருந்து ரோஜா வாசனை வீசும் அல்வாத் துண்டு, ஜப்பானிலிருந்து கடல்பாசி சுற்றிய அரிசி வில்லை, மெக்சிகோவிலிருந்து மிளகாய்த்தூள் பூசிய மாம்பழ மிட்டாய். சாயங்காலம் நாலு மணி ஆனால் மேசையில் கடை விரித்துவிடுவார். முதலில் இனிப்பு, அப்புறம் காரம், அப்புறம் காபி. அந்த வரிசையை மட்டும் எந்த தேசத்துக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டார்.

குறை சொல்வதற்கில்லை. மனுசன் ரசித்துத்தான் தின்பார். ஒரு புது ருசி நாக்கில் பட்டால் கண்ணை மூடிக்கொண்டு, பிறந்த குழந்தையைப் போலச் சப்புக்கொட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துப் பங்கு கொடுப்பார்.

எனக்கு நாடு, மொழி, சாதி என்று எந்த பேதமும் கிடையாது, என் நாக்கே சாட்சி என்று மடத்திலும் சொல்வார். சின்னச்சாமி கேட்டுக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட நாக்குக்கு ஒரே ஒரு வீட்டுப் பலகாரம் மட்டும் ஆகவில்லை. அது அவர் பெற்ற மகள் வாழ்ந்த வீடு.

மகள் பெயர் மேகலா. கூட வேலை பார்த்த தேவாசிஷ் என்ற ஒடிசாக்காரனைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைக் கேட்கவில்லை, சொன்னாள். சொன்ன அன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த கூடத்தில் தெய்வசிகாமணி எழுந்து நின்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார்: "நீ நல்லா இரு. ஆனா உன்ற ஊட்டுல நான் கை நனைக்கமாட்டேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சோறு உண்பதைக் கை நனைப்பது என்பார்கள். கை நனைத்த வீடு உறவான வீடு. மனசு ஒப்பாத வீட்டில் மணிக்கணக்காக உட்காரலாம், மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசலாம், கையை மட்டும் நனைக்கக் கூடாது. பெண் பார்க்கப் போகிறவர்கள் கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, சோற்றுக்கு இருக்காமல் எழுந்து வருகிறார்களே, அது இதனால்தான்.

வாக்கென்றால் வாக்கு. பேத்தி பிறந்ததும் தெய்வசிகாமணி போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகும் பலமுறை போனார். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சுவார். பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அவர் மனைவி சரசாத்தாள் அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவாள். இது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

தேவாசிஷின் அம்மா குந்தலா, புருசன் இறந்த பிறகு மகனோடு வந்து இருந்தாள். அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தை, அதில் ஒன்று சம்பந்தி. அவள் பண்டிகைக்குப் பண்டிகை ஒரு டப்பா நிறைய ஏதாவது செய்து சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். வெல்லமும் அரிசி மாவும் சேர்த்துச் சுட்ட பிட்டா, தேங்காய்ப் பூரணம் வைத்த பிட்டா, கருஞ்சீரகம் போட்டுப் பொரித்த நிம்கி என்ற உப்பு பிஸ்கட். இவர் மூடியைத் திறக்காமலே கீழே கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் வீட்டு அடுப்பில் வெந்ததை இவர் வீட்டில் உட்கார்ந்து தின்றால் கை நனைத்த கணக்கா, இல்லையா என்று அவருக்கே தெளிவில்லை. தெளிவில்லாத காரியத்தில் இறங்குவானேன் என்று இருந்துவிட்டார். வாட்ச்மேன் வீட்டில் எல்லோருக்கும் ஒடிசாப் பலகாரம் அத்துபடி.

இப்படி நாலு வருசம் ஓடிற்று. ஒரு நாள் மேகலா போன் செய்தாள். மாமியார் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறாள், ஞாயிற்றுக்கிழமை ரயில், அதற்கு முந்தின நாள் மத்தியானம் வீட்டில் சாப்பாடு என்றாள். பிறகு சொன்னாள்: "அத்தை எங்கிட்ட எதுவுமே கேட்டதில்லீங்கப்பா. சம்பந்தி ஒரு நாளாவது நம்மூட்ல சாப்பிடுவாரான்னு மட்டும் கேட்டாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

மகள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவையும் டம்ளரை வைத்த இடத்தில் விட்டுவிட்டு வந்தால், மகள் இனிமேல் எதையும் கேட்கமாட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவருக்குப் பயமாக இருந்தது.

விடிந்ததும் மடத்துக்குப் போனார். போகும்போதே ஒரு வழி கண்டுபிடித்துவைத்திருந்தார். பாம்பும் நோகாமல் பாம்படிக்கும் கோலும் நோகாமல் ஒரு வழி. விருந்துக்குப் போவது, பலகாரத்தில் ஒன்றை எடுத்துத் தின்பது, சோற்றுக்கு மட்டும் உட்காராமல் வந்துவிடுவது. மகளுக்கும் ஆறுதல், வாக்கும் பிழைத்தது. குரு ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் போதும்.

நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "சாமி, பலகாரம் தின்னா கை நனைச்சதா ஆகுமுங்களா?"

சின்னச்சாமி கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசிக்கிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்று சீடருக்குப் பிடிபடவில்லை.

"சட்டுனு சொல்ற விசயமில்லீங்க ஐயா. சனிக்கிழமை காத்தால நானே உங்க ஊட்டுக்கு வர்றேன். உங்க வெளிநாட்டுப் பலகாரமெல்லாம் எடுத்து வையுங்க. கூடவே கச்சாயம் கொஞ்சம் வேணும்."

"அதுக்கென்னுங்க சாமி. சரசாத்தாகிட்டச் சொல்லீர்றேன்."

"அவங்க செய்ய வேண்டாமுங்க. நீங்க செய்யோணும்."

கச்சாயம் எங்கள் பக்கத்துப் பலகாரம். பச்சரிசியை ஊறவைத்து, வெல்லம் சேர்த்து அரைத்து, எண்ணெயில் ஊற்றிச் சுட்டெடுப்பது. தின்கிறவருக்கு அது சின்ன வேலை. தெய்வசிகாமணி இத்தனை வயசில் எத்தனையோ கச்சாயம் தின்றிருக்கிறார், ஒன்றும் சுட்டதில்லை.

சனிக்கிழமை விடியலில் அவர், ராத்திரியே ஊறவைத்த அரிசியைக் களைந்து கிரைண்டரில் போட்டார். தண்ணீர் கூடிப்போயிற்று. கல்லிடுக்கில் கையை விட்டு மாவை வழித்ததில் முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. வெல்லம் கைகொண்ட மட்டும் போட்டதில் முதல் கச்சாயம் எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து நுரையாகப் போனது. சரசாத்தாள் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோதுமை மாவு ரெண்டு பிடி போடச் சொன்னாள். நீ சொல்லக் கூடாது, நானேதான் செய்யணுமாம் என்றார் இவர்.

"கைய வெக்கக் கூடாதுன்னுதானுங்க சாமி சொன்னாரு. வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றாள் அவள்.

கோதுமை மாவு போட்டுக் கையாலேயே அடித்துக் கலக்கினார். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்பளம் வந்தது. ஒரு வழியாகப் பொன்னிறத்தில் ஒரு கச்சாயம் உப்பி மேலே வந்தபோது அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கம்பெனியில் முதல் ஏற்றுமதி லாரி கிளம்பியபோதுகூட இப்படி நின்று பார்க்கவில்லை. சாமி இதைத் தின்று என்ன சொல்வார் என்று நினைத்து நினைத்து அடுத்ததை ஊற்றினார்.

சின்னச்சாமி சொன்னபடி வந்தார். மேசையில் பெட்டிகள் விரிந்திருந்தன. சாமிக்கு எல்லாமே பிடித்திருந்தது. ரோஜா அல்வாவில் ரெண்டு எடுத்துக்கொண்டார். கடல்பாசி வில்லையைக் கடித்துவிட்டு, நம்ம வடகத்துக்குச் சொந்தக்காரன் போலிருக்கே என்றார். மிளகாய் மிட்டாயை வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது; துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டு வாங்கினார். உலகத்தில் எவனெவனோ எதையெதையோ கண்டுபிடித்து வைத்திருக்கிறான், எல்லோரும் நல்லா இருக்கோணும் என்று வாழ்த்தினார்.

பிறகுதான் தெய்வசிகாமணி உள்ளே போய், மிச்ச மாவையும் சுட்டெடுத்துக் கச்சாயத் தட்டோடு வந்தார். கையைக் கழுவக்கூட அவகாசமில்லை. விரலிடுக்கெல்லாம் மாவு. தட்டைக் குருவின் முன்னால் வைத்துவிட்டு, அவர் வாயைப் பார்த்தபடி நின்றார்.

சின்னச்சாமி தட்டைப் பார்த்தார். பிறகு ரெண்டு கையையும் கூப்பினார்.

"இது வேண்டாமுங்க ஐயா."

தெய்வசிகாமணிக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க சாமி."

"வேண்டாமுங்க. போறப்ப கீழ வாட்ச்மேனுக்குக் கொடுத்தர்றேன். அவரு ஊட்டுல தின்பாங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. துருக்கிக்காரன் அனுப்பியதைத் தின்றவர், மெக்சிகோக்காரன் அனுப்பியதைக் கேட்டு வாங்கியவர், தன் கையால் செய்ததை மட்டும் ஒதுக்குகிறாரே என்று அவருக்கு ஆறவில்லை. குருவென்றும் பார்க்காமல் கேட்டுவிட்டார்: "விடியறதுக்கு முன்ன எந்திருச்சு உங்களுக்குன்னு செஞ்சதுங்க. அப்படி என்னுங்க குத்தம் அதுல?"

"குத்தமே இல்லீங்க. ஆனா தின்னா கை நனைஞ்சிரும்னு பயமா இருக்குதுங்க."

"இதென்னுங்க சாமி? காஞ்ச பலகாரம். இதைத் தின்னா கை எங்கீங்க நனையப் போகுது?"

சின்னச்சாமி எட்டி அவருடைய வலது கையைப் பிடித்தார். மாவும் வெல்லமும் இன்னும் காயவில்லை. அதை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"கை எப்பவோ நனைஞ்சு போச்சுங்களே ஐயா."

தெய்வசிகாமணி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் அந்தக் கொப்பளம் இருந்தது. நாலு வருசமாகப் பண்டிகைக்குப் பண்டிகை வந்த டப்பாக்கள் ஞாபகம் வந்தன. புருசனைப் பறிகொடுத்துவிட்டு, பாஷை தெரியாத ஊரில் ஒரு பெண்பிள்ளை அரிசியைக் களைந்திருப்பாள், மாவைப் பிசைந்திருப்பாள், சம்பந்திக்குப் பிடித்ததா என்று மருமகளிடம் கேட்டிருப்பாள். மகள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? அதை நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

சரசாத்தாள் உள்ளே போய்த் தூக்குப்போசி ஒன்றை எடுத்து வந்தாள். ஒரு கச்சாயத்தைச் சாமியின் கையில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் போசியில் அடுக்கினாள். சின்னச்சாமி இந்தத் தடவை மறுக்கவில்லை. மெதுவாக, மிச்சம் வைக்காமல் தின்றார். வெல்லம் கொஞ்சம் முன்னே நிற்கிறது என்றும், அதனால் பரவாயில்லை என்றும் சொன்னார்.

தெய்வசிகாமணி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். போசியை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். ஊர்கூடிய கூடத்தில் எழுந்து நின்று அவ்வளவு சத்தமாகப் பேசியவருக்கு இப்போது வார்த்தை கிடைக்கவில்லை.

"சாமி, இத்தன வருசம் கழிச்சு அங்க போயி மொதல்ல என்னுங்க சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றார் சின்னச்சாமி. "கை கழுவத் தண்ணி எங்க இருக்குதுன்னு கேளுங்க."