பனியின் எடை

ரோஜாவைப் பற்றிய கதை என்றதும் காதல் கதை என்று சாய்ந்து உட்காராதீர்கள். இது தராசுக் கதை. முடிவில் ஒரு கேள்வி வரும். தப்பித்து ஓட வழியில்லாத கேள்வி.

ஓசூருக்கு மேற்கே ருத்ரப்பனுக்கு ஒரு ரோஜாத் தோட்டமும், அதன் நடுவே எண்ணெய் வடிக்கும் ஆலையும் இருந்தன. பூவையும் தண்ணீரையும் அண்டாவில் போட்டு மூடிக் காய்ச்சுவார்கள். ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து சொட்டும். மேலே ஏடுபோல மிதப்பது ரோஜா எண்ணெய், அடியில் நிற்பது பன்னீர். ஒரு வண்டிப் பூவைக் காய்ச்சினாலும் எண்ணெய் ஒரு சின்னக் குப்பிக்குக் காணாது. அந்தக் குப்பியைத் தேடி அத்தர்க் கடைக்காரர்கள் வருவார்கள். மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் வாசனை வைத்தியம் செய்கிறவர்களும் வருவார்கள். அப்படி வந்த ஒரு பெங்களூர் அம்மாள், பாதாம் எண்ணெயில் கலந்த ஒரு துளியை மணிக்கட்டில் தடவி முகர்ந்து, "மனசு எவ்வளவு லேசாயிடுது!" என்றாள்.

"அந்த பாரமெல்லாம் எங்க இடுப்புக்கு வந்துடுச்சு தாயீ" என்றாள், கூடையோடு நின்ற மல்லம்மா. பறிக்கிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அவள்தான் தலைவி. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலாளியிடம் முதலில் வாய் திறந்தவள் அவள், அவ்வளவுதான்.

வெயில் ஏறினால் பூவின் வாசனை காற்றோடு போய்விடும். அதனால் விடிவதற்குள், பனியோடுதான் பறிக்க வேண்டும். கூலியோ எடைக்கு. ஆனால் ருத்ரப்பன் அப்போதே எடை போடமாட்டான். கொட்டகையில் பூவைப் பரப்பி, ஈரம் போன பிறகுதான் தராசில் ஏற்றுவான். "பூவுக்குத்தான் கூலி. பனிக்குக் கிடையாது" என்பான்.

ஒரு நாள் பெண்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறியது. பூக்கள் செடியிலேயே மலர்ந்து நின்றன. ருத்ரப்பன் ஓடிவந்தான்.

"பறிங்கம்மா! வாசனை போகுது!"

"பனி காயட்டும்னு இருக்கோம் முதலாளி. அதான உங்களுக்கு வேண்டாதது?" என்றாள் மல்லம்மா. "பனி நீர்தானே பன்னீர்? அதைப் பாட்டில்ல விக்கலாம், எங்க கூடையில இருந்தா எடை போடக் கூடாதா?"

பெண்கள் கைதட்டினார்கள். வெளியாட்களை ஏற்றிக்கொண்டு முதலாளியின் வண்டி வந்தபோது அதன் முன்னால் முதலில் படுத்தவள், அவர்களில் ஒருத்தியான கெம்பம்மா. வேறு வழியில்லாமல் ருத்ரப்பன் இறங்கி வந்தான். இனி வரப்பிலேயே, பனியோடு எடை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான்.

"உன் ஆளுங்கள்ல ஒருத்தி ஒரு கை தண்ணி தெளிச்சாலும் எல்லாருக்கும் பழைய எடைதான். சம்மதமா?"

வெற்றி தலைக்கு ஏறியிருந்தது. மல்லம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "சம்மதம். அப்படி நடந்தா நானே வந்து சொல்லுவேன்" என்றாள். பின்பாதியை அவன் கோரவேயில்லை. அவளாகக் கொடுத்தது.

சில வாரம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு ஒரு காலை, வாய்க்கால் ஓரம் கெம்பம்மா முந்தானையை நனைத்துத் தன் கூடைமேல் பிழிவதை மல்லம்மா பார்த்துவிட்டாள். முள் குத்திச் சீழ் வைத்த கட்டைவிரல், கெம்பம்மாவால் முன்போலப் பறிக்க முடியவில்லை.

"என்னக்கா அப்படிப் பாக்குறே? பனிதான்."

"பனியில சேறு ஒட்டியிருக்குமாடி?"

கெம்பம்மா தலை குனியவில்லை. "அவன் பன்னீர்ல குழாத் தண்ணி ஊத்துறது உனக்குத் தெரியாதா? அவன் ஊத்தினா வியாபாரம், நான் ஊத்தினா திருட்டா? பேசாம போ."

பக்கத்துச் செடி வரிசையில் பறித்துக்கொண்டிருந்த நஞ்சம்மா எழுந்து வந்தாள். "முதலாளிகிட்டச் சொல்லாதே, எல்லார் அடுப்பும் அவிஞ்சிடும். நாளையிலிருந்து இவளை வரவேண்டாம்னு நாமே நிறுத்திடலாம். காரணம் கேட்டா உடம்பு சரியில்லேன்னு சொல்லிக்கலாம்."

"வண்டி முன்னால படுத்தப்ப என் உடம்பு நல்லா இருந்துச்சு, இல்ல?" என்றாள் கெம்பம்மா.

மல்லம்மா தன் கூடையைத் தூக்கிக்கொண்டாள். மூவரும் தராசுக்குப் போனார்கள். கெம்பம்மாவின் கூடையைத் தூக்கியதும் அடியில் தண்ணீர் ஒழுகியது. ருத்ரப்பன் அதைப் பார்த்தான். பிறகு மல்லம்மாவைப் பார்த்தான்.

"இன்னிக்குப் பனி ஜாஸ்தியோ? நீ சொல்லு மல்லம்மா. உன் வார்த்தை போதும் எனக்கு."

பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனி என்றால் அவள் பொய்க்காரி. தண்ணீர் என்றால் போராடி வாங்கிய எடை போச்சு.

மூடி மறைக்கச் சொன்னாள் கெம்பம்மா. கெம்பம்மாவைக் கழற்றிவிட்டு மறைக்கச் சொன்னாள் நஞ்சம்மா. கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் துடித்தது மல்லம்மாவின் மனம். இந்த மூன்றில் எது சரி? மல்லம்மா என்ன சொல்ல வேண்டும்?

விடை: மூன்றும் முழுதாகச் சரியில்லை. முதலாளியின் கலப்படம் கலப்படம்தான், ஆனால் கெம்பம்மா தண்ணீர் ஊற்றியது அவன் தலையில் அல்ல, கூட இருந்த பெண்களின் தலையில். நஞ்சம்மாவோ புண்பட்ட விரலை வைத்தியரிடம் காட்டாமல் வெட்டச் சொல்கிறாள். மல்லம்மா கொடுத்தது ஒரு வாக்கு அல்ல, இரண்டு. நானே சொல்லுவேன் என்றது அவளுடைய வாய், அதை அவள் காப்பாற்றியாக வேண்டும். எல்லாருக்கும் பழைய எடை என்பதற்குச் சம்மதித்தாளே, அது மற்றப் பெண்களின் உழைப்பு. அவர்களைக் கேட்காமல் அதைப் பந்தயம் வைக்க அவளுக்கு ஏது உரிமை? ஆகவே அவள் சொல்ல வேண்டியது: "இது தண்ணி. இந்தக் கூடையைக் கழிச்சுக்குங்க. கெம்பம்மாவை நாங்க கூடிக் கேட்டுக்குறோம். பழைய எடைக்கு மட்டும் நாங்க வரமாட்டோம்." வாக்குத் தவறியவள் என்று ருத்ரப்பன் ஊரெல்லாம் சொல்வான். அது பாதி உண்மையும்கூட. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அவள் மறுபடியும் வரப்பில் உட்கார வேண்டும், கெம்பம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.