வானம் எவ்வளவு ஆழம்

தேரையும் நண்டும் மண்புழுவும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரிசல் காட்டில் கட்டிய எந்த வீடும் நான்கு மழைக்கு மேல் நின்றதில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. கோடையில் கட்டினார்கள். ஐப்பசியில் சுவர் விரிந்தது. முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். விழுந்ததும் மறுபடி கட்டினார்கள்.

மூக்காண்டிக்கு மட்டும் அந்த வருடம் அப்படி இருக்க முடியவில்லை. அவன் மனைவி இருளாயிக்கு ஐந்து மாதம். பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு கிடையாது. பிள்ளை ஐப்பசி அடைமழையில், இந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும். அந்த ஆனி மாதத்தில் வீடு என்று இருந்தது மூன்று சுவர்கள். அதிலும் ஒன்றில் கை நுழையும் அளவுக்கு விரிசல்.

மூக்காண்டியின் சித்தப்பா மகன் வெயிலான் அந்தப் பக்கம் போகும்போது சும்மா போவதில்லை.

"என்னண்ணே, வாசல் ரெண்டு வச்சிருக்க போல. நான் எது வழியா வர?"

"நீ எது வழியாவும் வராத."

குற்றம் சுவரில் இருப்பதாகத்தான் மூக்காண்டி நினைத்திருந்தான். தூரத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து ஒரு முழக் கனத்தில் சுவர் வைத்தான், விரிந்தது. ஒன்றரை முழமாக்கினான், இன்னும் சீக்கிரம் விரிந்தது. பிறகு தரை தளர்வாக இருப்பதால்தான் என்று முடிவுசெய்து, திமிசுக்கட்டையால் எட்டு நாள் அந்தக் கருப்பு மண்ணை இடித்து இறுக்கினான். அதன்மேல் வைத்த சுவர்தான் முழுசாக விழுந்தது.

இந்த முறை இன்னும் கீழிருந்து இடித்து வரலாம் என்று, விழுந்த சுவர் நின்ற இடத்தில் தோண்ட ஆரம்பித்தான். கோடையில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கடப்பாரை ஒரு வெடிப்புக்குள் இறங்கியதும் அடியிலிருந்து சத்தம் வந்தது.

"யாருப்பா அது? மெதுவா."

வெடிப்பின் வழியாக ஒரு தேரை ஏறி வந்தது. கண்ணிமை மேலெல்லாம் புழுதி.

"மழை வந்துட்டா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு எழுப்புன?"

இருளாயி சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து அதன் முதுகில் ஊற்றினாள். தேரை கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டது. "நல்லாரு தாயி" என்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சுவர்ல ஒரு குத்தமும் இல்ல" என்றது தேரை. "இந்த மண்ணு மழை குடிச்சா உப்பும், வெயில் அடிச்சா வத்தும். ஏறி இறங்குற வயித்து மேல சுவரை வச்சா ஆடாம என்ன செய்யும்? நீ இடிச்சு இறுக்குனியே, அதுல இன்னும் கூடத்தான் உப்புச்சு."

"அப்ப இந்தப் பாழாப்போன மண்ணுல..."

"மண்ண வையாதீங்க" என்றாள் இருளாயி. "ஐப்பசியில குடிச்ச தண்ணிய மாசி வரைக்கும் வச்சிருந்துதான் பருத்தியக் காப்பாத்துது. அந்தக் குணம் இல்லைன்னா நமக்குக் கஞ்சி ஏது?" தேரையிடம் திரும்பினாள். "எம்புட்டுத் தோண்டணும் அண்ணாச்சி?"

"வானம் இருக்க வரைக்கும் தோண்டு. வானம் முடிஞ்ச பிறகு கட்டு."

மூக்காண்டி சிரித்தான். "கேட்டியா? தலைக்கு மேல உள்ளத காலுக்குக் கீழ தோண்டணுமாம். தூக்கக் கலக்கம்." திமிசுக்கட்டையைத் தேடிப் போனான்.

இருளாயி குழியோரம் உட்கார்ந்து வெடிப்பைப் பார்த்தாள். காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒன்றை, நீளமானதாகப் பார்த்து எடுத்து உள்ளே விட்டாள். அது இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. வெளியே எடுத்துத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தாள். நெஞ்சு உயரம்.

"அண்ணாச்சி, நீங்க படுக்கிற இடத்துல வெயில் தெரியுமா?"

"தெரியாது."

"மழை?"

"மேல எல்லாரும் நனைஞ்சு முடிச்ச பிறகு லேசா ஈரம் வரும். அங்க மண்ணு உப்பாது, வத்தாது. அதனாலதான அங்க படுக்கேன்."

"அப்ப வெயிலும் மழையும் இறங்குற வரைக்கும் வானந்தான். உங்க படுக்கை வரைக்கும்."

"அதைத்தான சொன்னேன்."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். "சுவர் இதே இடத்துலதான் வரணும். உங்க படுக்கையத் தோண்டணுமே."

தேரை வெடிப்பை எட்டிப் பார்த்தது. பிறகு, "பத்துக் கோடை அங்க படுத்திருக்கேன்" என்றது. அவளுடைய வயிற்றைப் பார்த்தது. "எப்ப?"

"ஐப்பசியில."

"தோண்டச் சொல்லு" என்று ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது.

இருளாயி குச்சியைக் காட்டி விளக்கிய பிறகு மூக்காண்டி முழங்கால் அளவு தோண்டினான், தொடை அளவு தோண்டினான். அவன் வீசிய ஒவ்வொரு கட்டியையும் இருளாயி உடைத்துப் பார்த்தாள். இடுப்பளவில் வெடிப்பு மயிரிழையானது. நெஞ்சளவில் மண் வெளிறி, சுண்ணாம்புக்கல் கலந்து வந்தது. அதில் வெடிப்பே இல்லை. அங்கே ஒரு தேரை படுக்கும் அளவுக்கு வழவழப்பான ஒரு குழிவு இருந்தது. மூக்காண்டி கடப்பாரையை அதில் உடனே போடவில்லை. மேலே பார்த்தான். தேரை வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"வானம் முடிஞ்சுது" என்றாள் இருளாயி.

தோண்டிய மண்ணைத் திரும்பப் போடக் கூடாது என்றது தேரை. "ஓடை மணலப் போடு. மணல் தண்ணிய வாங்கும், விட்டுரும். எதையும் மனசுல வைக்காது. பக்கத்து மண்ணு உப்பி நெருக்குனாலும் ஒதுங்கி இடம் குடுக்கும்."

மற்ற மூன்று சுவர்களையும் பிரித்து, அவற்றின் அடியிலும் அதே ஆழம் தோண்டி, ஓடை மணலைச் சுமந்து போட்டார்கள். ஒவ்வொரு முழத்துக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். மணல் அமர்ந்தது, மறுபடி போட்டார்கள். அதன்மேல் கல் வரிசை, அதன்மேல் சுவர். தோண்டிய கரிசலைக் கூடை கூடையாகப் பருத்திக் காட்டுக்கே கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே வேண்டிய மண்.

ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் பெய்தது. தரை உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டன. நான்காம் நாள் வெயிலான் வீட்டுச் சுவர் பிளந்தது. பெண்டாட்டியோடும் இரண்டு ஆடுகளோடும் வந்து தலை துவட்டாமல் நின்றான். இருளாயி பாயை விரித்துப் போட்டாள். எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் பெண்பிள்ளை பிறந்தது.

மூக்காண்டி மழையிலேயே வீட்டைச் சுற்றி வந்தான். நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, தண்ணீர்ப் பானையின் அடியில் உட்கார்ந்திருந்த தேரைக்கு முன்னால் குத்தவைத்தான். 

"அண்ணாச்சி, இடம் சௌகரியமா இருக்கா?"

"ஈரம்தான் கொஞ்சம் பத்தல."

ஒரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினான். அது போதும் என்று தேரை சொன்ன பிறகும் இன்னொரு கை ஊற்றினான்.

தை பிறந்ததும் வெயிலான் கடப்பாரையோடு தன் இடத்தில் நின்று, எவ்வளவு தோண்டணும் என்று கேட்டான். மூக்காண்டி ஒரு சொல்லும் மாற்றாமல் தேரை சொன்னதையே சொன்னான். வெயிலான் சிரித்தான். பிறகு தோண்டினான்.

பானையடி ஈரத்தில் வந்து உட்காரும் தேரையை நம் வீடுகளில் யாரும் விரட்டாமல் இருப்பதும், கடைக்காலுக்குக் குழி பறிப்பதை வானம் தோண்டுவது என்று கொத்தனார்கள் சொல்வதும் அந்த மழைக்குப் பிறகு வந்தவைதான்.