தளர்ந்த பக்கத்து உருளை

வெள்ளத்தில் தாழ்வான தெருக்கள் மூழ்கிவிட, முந்நூறு பேர் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கான கஞ்சிமாவு வேதவல்லி அம்மாவின் ஆசிரம மில்லிலிருந்துதான் போக வேண்டும்.

மில்லைக் கவனித்துக்கொண்டவர் குலசேகரன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த, அம்மாவின் சீடர். குருவைவிடப் பத்து வயது பெரியவர்.

அன்று காலை, தானியம் கொட்டக் கொட்ட பெல்ட் வழுக்கியது. பெல்ட்டை அழுத்திப் பிடிக்கிற டென்ஷனர் உருளையை அவர் உள்ளே தள்ளி, அசையாதபடி போல்ட்டை முறுக்கினார். தானியம் கொட்டும் மரியசெல்வம் மெதுவாக வேலை செய்கிறார் என்று அவரையும் நாலு வார்த்தை கடிந்துகொண்டார். மரியசெல்வம் சாக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

குலசேகரனே தானியத்தைக் கொட்டினார். ஒரு மணி நேரத்தில் கருகல் வாடை வந்தது. விறைத்த பெல்ட்டின் இழுப்பில் சுழல்தண்டின் பேரிங் சூடேறி இறுகி, மில் நின்றது.

குலசேகரன் அம்மாவிடம் ஓடினார். முந்நூறு பேர்.

அம்மா வந்தார். புது பேரிங்கை மாட்டினார். போல்ட்டைக் கழற்றிவிட்டு, உருளையைத் தாங்கும் கம்பியில் ஒரு ஸ்பிரிங்கைக் கோத்தார்.

மில் ஓடியது. தானியம் அதிகமாக விழும்போது உருளை சற்று நகர்ந்தது. குறைந்ததும் திரும்பி வந்து சாய்ந்துகொண்டது.

"அம்மா, இது ஆடுதே!"

"பெல்ட் வழுக்குதா?"

"இல்ல."

"இந்த உருளை மாவு அரைக்குதா?"

"இல்லம்மா. சும்மா சாய்ஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

குலசேகரன் குனிந்து பார்த்தார். "மோட்டார் இழுக்கற பக்கம் இல்ல. தளர்ந்து தொங்குற பக்கம்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "மரியசெல்வம் வீட்டுலயும் நேத்து ராத்திரி தண்ணி புகுந்துடுச்சு. பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நேரா இங்கதான் வந்தார்."

குலசேகரன் வாசலை எட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா."

"ம்."

"போய்க் கூட்டிட்டு வரேன். ஆனா கண்டிப்பை விட்டா நாளைக்கு வேலை தளர்ந்துடாதா? அவர்கிட்ட நான் என்ன சொல்லணும்?"

"சாப்பிட்டாரான்னு கேளுங்க."