விலக்கில் நிற்கும் ஆள்

"மிஸ், நீங்க எனக்கு வழியே காட்ட மாட்டேங்கிறீங்க."

குமரேசன் இதைச் சொன்னபோது பியூலா மிஸ் ஏரிக்கரைப் பாறையில் உட்கார்ந்து, சைக்கிள் சங்கிலியில் சிக்கியிருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரெண்டு வருசமா உங்க பின்னாலயே வர்றேன். சக்கரத்தோட சக்கரம் ஒட்டி வர்றேன். ஒரு தடவையாவது முழுப் பாதையும் உங்களோட ஓட்டியிருக்கேனா? விலக்கு வந்தா என்னை நிறுத்திட்டுப் போயிடுறீங்க."

"ஆமா."

"அடுத்த மாசத்துலேர்ந்து நானே தனியா ஒரு கூட்டத்தக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்."

"வாங்க."

"வழி தெரியாம எப்படி மிஸ்?"

மிஸ் கடைசிப் புல்லை உருவி எறிந்தார். "கிளம்பலாமா?" என்றார்.

அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயராது.

அந்த மலையில் ஏரியும் காடும் மாறி மாறி வரும். நடுவே தாரையே பார்க்காத சரளைப் பாதைகள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலும் ஒரே மாதிரி இருக்கும். கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்த பியூலா மிஸ்தான் அந்தப் பாதைகளுக்கெல்லாம் குரு. குமரேசன் வயதுதான் அவருக்கும். காவி கிடையாது. தாடிக்கு வழியே இல்லை.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. பாதை பிரிகிற விலக்கு வந்தால், மிஸ்ஸுக்கு அடுத்து வருகிற ஆள் அங்கே இறங்கி நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். அவருக்கு வழியைக் காட்டிவிட்டுத்தான் நகரலாம்.

குமரேசனுக்கோ முந்திக்கொள்ளும் வியாதி. எப்போதும் மிஸ்ஸுக்கு அடுத்த ஆளாகத்தான் வருவான். அதனால் எப்போதும் அவனே நிற்பான். இது ஏன் என்று கூட்டத்தில் எல்லாருக்கும் புரிந்திருந்தது, அவனைத் தவிர.

அன்று கடைசி ஆள் கருப்பையா. குமரேசனின் அக்கா புருஷன். போன வருடம் நெஞ்சடைப்பு வந்து பிழைத்து, டாக்டர் சொன்னதற்காகச் சைக்கிள் மிதிக்கிறவர். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார். அது நியாயம். இறக்கம் வந்தாலும் இறங்கித் தள்ளுவார். சரளை வழுக்குமாம்.

"கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துரு" என்று அக்கா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

தைலமரக் காட்டுக்குள் விலக்கு வந்தது. ஒரு பாதை மேலே ஏறியது, இன்னொன்று கீழே இறங்கியது.

"நில்லுங்க" என்றார் மிஸ். மேல் பாதையில் ஏறிப் போய்விட்டார்.

குமரேசன் நின்றான். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த அண்ணன் தம்பி இருவரும் வந்தார்கள். மேலே கை காட்டினான். போனார்கள்.

மச்சான் வரவில்லை.

மூடுபனி இறங்கியது. முதலில் மரங்களின் உச்சியைக் காணோம். பிறகு மரங்களையே காணோம். வியர்வை ஆறிக் குளிர் எடுத்தது.

மச்சான் வரவில்லை.

குமரேசனுக்கு எரிச்சல் வந்தது. ஊர் உலகத்தில் எவனும் ஏரியைப் பார்க்க வந்து மரத்தடியில் நிற்பதில்லை. மச்சான் என்ன சின்னப் பிள்ளையா? அவன் செருப்புக் குதிகாலால் சரளையைக் கீறி, மேல் பாதையைக் காட்டி, பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டான். தள்ளி நின்று பார்த்தான். கண் இருக்கிற எவனுக்கும் தெரியும்.

ஏறி மிதித்தான்.

அடுத்த ஏரியில் பனியே இல்லை. வெயில் அடித்தது. தண்ணீர் பளபளவென்று கிடந்தது. குமரேசனுக்கு மனசு நிறைந்துவிட்டது. "ஆகா" என்றான்.

மிஸ் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தார்.

"மச்சான் எங்க?"

"வந்துட்டு இருக்காரு மிஸ். அம்புக்குறி போட்டுட்டுத்தான் வந்தேன்."

எல்லாரும் காத்திருந்தார்கள். திண்டுக்கல் தம்பிக்காரன் கொண்டுவந்த முறுக்கு தீர்ந்தது. மச்சான் வரவில்லை.

குமரேசன் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. அந்தக் காட்டில் என்றைக்கு இருந்தது?

"மிஸ், அந்தக் கீழ்ப் பாதை எங்க போகும்?"

"சதுப்புக்கு. காட்டுமாடு தண்ணி குடிக்க வர்ற இடம்."

குமரேசனுக்கு அக்காவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"நீங்களும் வாங்க மிஸ்! எனக்கு அந்தப் பக்கம் தெரியாது."

"நான் வந்துட்டா, நீங்க ரெண்டு பேரும் திரும்பி எங்க வருவீங்க?"

அவர் சைக்கிளைப் பாதை ஓரத்தில் சாய்த்துவிட்டு, பாதை நடுவில் போய் நின்றுகொண்டார்.

குமரேசன் திரும்பி ஓட்டினான்.

பனிக்குள் நுழைந்ததும் முன் சக்கரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பிரேக்கைப் பிடிக்கவும் பயம், விடவும் பயம். ஒரு வளைவில் சரளை வாரிவிட்டது. விழுந்தான். முழங்கால் சிராய்த்து எரிந்தது. எழுந்து மறுபடி ஏறினான்.

"மச்சான்!" என்று கத்தினான்.

பதில் இல்லை.

நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரா? சதுப்பில் இறங்கிவிட்டாரா? அவன் வேண்டாத சாமி இல்லை. அழகா, அந்த மனுசனை மட்டும் கொடுத்துரு, இனி இந்தச் சைக்கிளையே தொட மாட்டேன் என்றான். கண் கலங்கி, இருக்கிற பார்வையும் போனது.

ட்ரிங்.

பிரேக்கைப் பிடித்தான்.

ட்ரிங். ட்ரிங்.

கூட்டத்தில் எல்லாரும் பெரிய பெரிய சைக்கிள் வைத்திருந்தார்கள். மணி வைத்த சைக்கிள் ஒன்றுதான்.

"மச்சான்!"

"யாரு, மாப்ளயா?"

குமரேசன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். விலக்கில், தைலமரத்தடியில், அவன் நின்ற அதே இடத்தில் கருப்பையா நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு, கை சைக்கிள் மணியில். உயிரோடு, முழுசாக, பல்லைக் காட்டிக்கொண்டு.

குமரேசன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நாற்பது வயது ஆம்பிளை என்பதெல்லாம் மறந்துபோய் விம்மினான். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர் சட்டையில் அடித்த வியர்வை நாற்றம்கூட நன்றாக இருந்தது.

"அட, என்னடா இது? முழங்கால்ல ரத்தம் வருது பாரு!" என்று கருப்பையா பதறித் துண்டை அவிழ்த்துக் கட்டினார்.

"ஏன் மச்சான் இங்கயே நின்னுட்டீங்க? மேல போக வேண்டியதுதான? அம்புக்குறி போட்டிருந்தேனே."

"எங்க போட்டிருந்த?"

குமரேசன் தரையைப் பார்த்தான். சரளையெல்லாம் குளம்புத் தடம். ஒரு கூட்டமே மிதித்துக்கொண்டு குறுக்கே போயிருந்தது. அம்புக்குறி இருந்த சுவடே இல்லை.

"நான் வந்தப்ப இந்தத் தடம்தான் கிடந்துச்சு" என்றார் கருப்பையா. "உன்னக் காணோம். எனக்கு உசுரே போயிருச்சு மாப்ள. காட்டுமாடு வெரட்டி நீ எங்கயோ புதருக்குள்ள ஓடிட்டேன்னு நெனச்சேன். இந்தப் பனியில எப்படித் திரும்பி வருவே? சத்தம் கேட்டாலாவது வழி தெரியும்ல. அதான் மணி அடிச்சுக்கிட்டே நின்னேன்."

"இவ்வளவு நேரமுமா?"

"கட்டைவிரல்தான் வீங்கிப் போச்சு." சிரித்தார்.

குமரேசன் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தான்.

"மச்சான்... நானே பொறுமையில்லாம உங்கள விட்டுட்டுப் போயிருப்பேன்னு உங்களுக்குத் தோணலையா?"

கருப்பையா துண்டின் முடிச்சை இன்னொரு முறை இழுத்து இறுக்கினார்.

"நீயா? போடா கிறுக்கா. உன்னை இங்க நிக்க வச்சுட்டுல்ல போயிருக்காங்க."